பதினாலு மாதக் கர்ப்பமும் ஒரு மிராசுதார் போனும்

பதினாலு மாதக் கர்ப்பிணியை நீங்கள் யாரும் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் பார்த்திருக்கிறேன். ஒருத்தியை இல்லை, ஊருக்கு நாலைந்து பேரை. எல்லாரும் கம்ப்யூட்டரில் இருந்தார்கள்.

நான் வேலை பார்த்த நாற்காலியில் இப்போது இருக்கும் பெண் போன வாரம் போன் செய்தாள். இனி ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு எண்ணாம். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அந்த எண்ணைத் தட்டினால் ஆளின் ஜாதகமே வந்து விழுமாம். "நம்பரே இல்லாம நீங்க எப்படி மேடம் ஆளக் கண்டுபுடிச்சீங்க?" என்று கேட்டாள். கேட்டிருக்கக் கூடாது. போன் சூடேறிக் காது வலிக்கும் வரை பேசினேன். பாவம், அவள் மதியச் சாப்பாடு ஆறிப் போயிருக்கும். சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். நீங்கள் சாப்பிட்டுவிட்டே படிக்கலாம்.

மன்னார்குடிப் பக்கத்தில் வட்டாரச் சுகாதாரப் புள்ளியியலாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பெயர்தான் நீளம். வேலை, சுற்றியிருக்கிற ஆரம்ப சுகாதார நிலையங்களிலிருந்து வரும் கணக்குகளைக் கூட்டி மேலே அனுப்புவது. பாதி உத்தியோகக் காலம் பேனாவிலேயே போயிற்று. பிறகு கம்ப்யூட்டர் வந்தது. பயிற்சிக்கென்று சென்னையில் சில நாள் உட்கார வைத்தார்கள். மவுஸை எப்படிப் பிடிப்பது என்று ஒருவர் கற்றுக்கொடுத்தார். பிடித்து என்ன செய்வது என்று அவர் சொல்வதற்குள் சான்றிதழ் கொடுத்து ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். வந்த வருஷமே ஆயுத பூஜைக்கு நர்சம்மாக்கள் எல்லாப் பெட்டிக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். ஒருவர் பக்தி அதிகமாகி, பென்டிரைவ் செருகும் துளையிலும் வைத்துவிட்டார். ஊசியால் தோண்டியும் முழுதாக வரவில்லை. அந்தப் பெட்டி கடைசி வரை ஒற்றைத் துளையோடுதான் உழைத்தது.

வேலையின் சாரம் இதுதான்: ஒரே ஆள் கிராமத்து நிலையத்தில் ஒரு பதிவாகவும், தாலுகா ஆஸ்பத்திரியில் ஒரு பதிவாகவும், தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு பதிவாகவும் இருப்பார். மூன்றையும் ஒரு பக்கத்தில் ஒட்ட வேண்டும். பெயர், வயது, புருஷன் பெயர், ஊர் நான்கும் பொருந்தினால் கம்ப்யூட்டரே ஒட்டிவிடும் என்றார்கள். ஒட்டவும் செய்தது. வில்லங்கம் ஊரில் வந்தது.

நம் பக்கத்தில் தலைப்பிரசவம் தாய்வீட்டில். வளைகாப்பு முடிந்ததும் பெண்ணை அழைத்துப் போய்விடுவார்கள். பிறந்து, குழந்தைக்குத் தலை நின்ற பிறகுதான் திரும்பி அனுப்புவார்கள். புருஷன் ஊர் நர்சம்மா அவளைக் கர்ப்பிணி என்று பதிந்தவர், பிரசவச் சேதி வராததால் அப்படியே வைத்திருப்பார். தாய்வீட்டு ஊரில், அப்பா பெயரை முன்னால் போட்டுக்கொண்டு ஒரு பெண் வந்து சுகமாகப் பெற்றுவிட்டுப் போயிருப்பாள். கம்ப்யூட்டருக்கு இருவரும் வேறு வேறு ஆள். ஒருத்தி பெறாமலே சுமந்துகொண்டிருந்தாள், இன்னொருத்தி சுமக்காமலே பெற்றிருந்தாள். நெல்லுக்கே நாலைந்து மாதம் போதுமென்கிற சீமையில் பிள்ளைக்கு மட்டும் ஏன் இவ்வளவு காலம் என்கிற தோரணையில் மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டார்கள்.

எனக்கு வந்த சிரிப்பில் பதிலே எழுத முடியவில்லை. சிரித்து முடித்து, மென்பொருள் கம்பெனி இன்ஜினீயரைக் கூப்பிட்டு, 'தாய்வீடு எந்த ஊர்' என்று ஒரு கட்டம் சேர்க்கச் சொன்னேன். உலகத்தில் எந்த மென்பொருளிலும் அப்படி ஒரு கட்டம் கிடையாது என்றார். உலகத்தில் அம்மா வீடு இல்லாத பெண்ணும் கிடையாது என்றேன். அவர் மனைவியும் அப்போது பிரசவத்துக்குத் திருச்சி போயிருந்தாராம். மறுநாளே கட்டம் வந்தது. அந்த மாதம் எங்கள் வட்டாரத்தில் ஒரே நாளில் அத்தனை பேருக்கும் சுகப்பிரசவம் ஆனது.

கூத்தாநல்லூரில் வேறு கூத்து. ஒரே தெருவில் ஒரே வயதில், புருஷன் பெயர்கூட ஒன்றாகவே ஏழெட்டுப் பாத்திமாக்கள் இருப்பார்கள். நர்சம்மாவுக்குக் குழப்பமே கிடையாது. குவைத்து வீட்டுப் பாத்திமா, மலேசியா வீட்டுப் பாத்திமா, துணிக்கடை வீட்டுப் பாத்திமா என்று சொல்லிக்கொண்டே போவார். கம்ப்யூட்டரோ எல்லாரையும் ஒரே ஆளாக்கி, ஒரு பெண்ணுக்கு ஏழெட்டுப் புருஷனைக் கட்டிவைத்தது. அதற்கும் ஒரு கட்டம் வாங்கினேன். இப்படி ஒட்டுவதும் பிரிப்பதுமாகச் சில வருஷம் போனதில், யார் பெயரைத் தட்டினாலும் அவர் உடம்பின் கதை முழுக்க ஒரே பக்கத்தில் வந்து நின்றது. எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் துணை இயக்குநரைக் கையோடு அழைத்துவந்து காட்டினேன்.

அவர் டாக்டர் ஜபருல்லா. மெலிந்த மனிதர், பெல்ட்டில் கூடுதலாகத் துளை போட்டு இறுக்கியிருப்பார். கம்ப்யூட்டர் அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வருவார், யாரும் சொல்லாமலே. திட்டிக் கேட்டதில்லை. நாம் சொல்லி முடித்ததும், "அப்பறம்?" என்பார். இன்னும் கொஞ்சம் சொல்வோம். மறுபடியும், "அப்பறம்?" என்பார். மூன்றாவது அப்பறத்தில், மறைத்து வைத்திருந்ததெல்லாம் தானாக வெளியே வந்துவிடும்.

அன்று அவர் அந்தப் பக்கத்தை மேலிருந்து கீழ்வரை படித்தார். பாராட்டப் போகிறார் என்று முந்தானையைச் சரிசெய்துகொண்டு நின்றேன்.

"ரொம்ப நல்லாருக்கும்மா. முன்னாடியெல்லாம் ஒருத்தரோட நோயத் தெரிஞ்சுக்கணும்னா நாலு ஊரு அலையணும். இப்ப உங்க நாற்காலில உக்காந்தா போதும். யார் யாரு வந்து உக்காருவாங்க?"

நான் நாற்காலியைப் பார்த்தேன். பிரம்பு பிய்ந்த நாற்காலி. அதன்மேல் எனக்கு முதன்முதலாகப் பயம் வந்தது.

அப்புறம்தான் பூட்டுகிற வேலை ஆரம்பமானது. அதுவரை பாஸ்வேர்டு என்று ஒன்று இருந்தது, பெயருக்கு. எல்லா நிலையத்திலும் ஆட்சியில் இருக்கிற தலைவரின் பட்டப்பெயர்தான் பாஸ்வேர்டு. மறக்காது, விசுவாசமும் ஆயிற்று. தேர்தல் முடிவு வந்து ஆட்சி கைமாறிய அன்று பார்க்க வேண்டுமே. பழைய தலைவர் பெயரை வைத்திருந்தால் ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்து, சாயங்காலத்துக்குள் எல்லா நிலையத்திலும் புதுத் தலைவர் பெயருக்கு மாற்றிவிட்டார்கள். அவருக்கோ ஏகப்பட்ட பட்டம். எதை வைத்தோம் என்பது மறுநாள் பாதிப் பேருக்கு நினைவில்லை. தாலுகா முழுக்க வைத்தியக் கணக்கு பூட்டிக்கொண்டு நின்றது.

ஜபருல்லா சார் கூட்டம் போட்டார். கடவுள் பெயர் கூடாது, தலைவர் பெயர் கூடாது, சொந்தப் பிள்ளை பெயர் கூடாது என்றார். சரோஜா நர்சம்மா எழுந்து, "அப்பறம் மனுசனுக்கு வேற என்ன சார் இருக்கு?" என்று கேட்டார். சார் கண்ணில் நீர் வரச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "ஒங்களுக்குச் சுத்தமாப் புடிக்காதவங்க பேர வைங்க. மறக்கவும் மாட்டீங்க, வெளில சொல்லவும் மாட்டீங்க."

அன்றைக்கு வைத்த பூட்டை வெளியாள் எவரும் திறக்கவில்லை. என்னுடையது யார் பெயர் என்று கேட்காதீர்கள், குடும்பம் உடையும்.

அதோடு, நர்சம்மா தன் ஊர்க்காரர்களை மட்டும் பார்க்கலாம், டாக்டர் தன்னிடம் வந்தவரை மட்டும் பார்க்கலாம், முழுப் பக்கத்தையும் சாரும் நானும் மட்டும்தான் பார்க்கலாம் என்று ஆனது. நாங்கள் திறந்தாலும் யார், எதற்குத் திறந்தார்கள் என்று எழுதிய பிறகுதான் திறக்கும். இதெல்லாம் எல்லா ஊரிலும் உண்டு. எங்கள் சார் செய்த இன்னொன்று எந்த ஊரிலும் இருந்திருக்காது. கல்லூரியில் நாடகம் போட்டவர் அவர். விதவிதமான குரலில் எங்களுக்குப் போன் செய்வார். ஒரு நாள் துபாயிலிருந்து பேசும் புருஷன், ஒரு நாள் கவுன்சிலர், ஒரு நாள் கல்யாணத் தரகர். எப்படியாவது யாருடைய நோயையாவது எங்கள் வாயிலிருந்து பிடுங்கப் பார்ப்பார். சொல்லிவிட்டவர் அடுத்த கூட்டத்துக்கு எல்லாருக்கும் காராச்சேவு வாங்கிவர வேண்டும். "எம் மருமவ சத்து மாத்தர திங்கிறாளா, தூக்கிப் போடுறாளா, நீயாச்சும் சொல்லுடியம்மா" என்று இழுத்து அழுத ஒரு மாமியாரிடம் நானே ஏமாந்தேன். காராச்சேவைக் கொறித்துக்கொண்டே சார் அதே குரலில் எனக்கு நன்றி சொன்னார். இனி எமனே வந்து கேட்டாலும் வாயைத் திறப்பதில்லை என்று அன்று முடிவு செய்தேன்.

இந்தச் சமயத்தில்தான் அஞ்சலை விவகாரம். அஞ்சலை என்பது நான் வைத்த பெயர். என்ன நோய் என்றும் சொல்லப் போவதில்லை. ஓய்வூதியம் வாங்கினாலும் வாய்க்கு ஓய்வு கொடுத்துத்தான் வைத்திருக்கிறேன்.

அஞ்சலை புருஷனை இழந்தவர். மாமனார் காலத்திலிருந்து குத்தகைக்கு உழுதுவந்த கொஞ்சம் நிலம்தான் அவருக்குச் சோறு. நிலத்துக்குச் சொந்தக்காரர் அந்தப் பக்கத்து மிராசுதார். அவர் பெயரும் வேண்டாம். ஆளுங்கட்சியில் ஒன்றியப் பொறுப்பில் இருந்தார். குத்தகைக்காரரைச் சும்மா எழுப்பிவிட முடியாது, சட்டம் இருக்கிறது, அதற்காக அடிபட்டவர்கள் இருக்கிறார்கள், சிவப்புக் கொடி இருக்கிறது. ஆனால் குத்தகைக்காரர் தானே இறங்கிப் பாடுபட வேண்டும். நிலத்தை இன்னொருவர் கையில் விட்டுவிட்டார் என்று காட்டினால் எழுப்பிவிடலாம். மிராசுதார் அதைச் சொல்லித்தான் வருவாய் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டிருந்தார்.

நடந்தது என்னவென்றால், ஒரு சம்பா முழுக்க அஞ்சலை தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்தார். தம்பி வீட்டில் பிள்ளை பார்க்கத் திருப்பூர் போவதாக ஊரில் சொல்லியிருந்தார். அந்தப் போகத்தில் அக்கா மகன்தான் வயலைப் பார்த்தான். யாரோ அவரை ஆஸ்பத்திரி வராந்தாவில் பார்த்துவிட்டு மிராசுதார் காதில் போட்டிருக்கிறார்கள். பார்த்ததாகச் சொல்வது கோர்ட்டில் நிற்காது. தேதி போட்ட காகிதம் வேண்டும். முன்பென்றால் அந்தக் காகிதத்தைத் தேடி எடுக்க ஒரு ஜென்மம் ஆகும். இப்போது என் மேசையில் ஒரே பக்கம். அஞ்சலையின் மூன்று பதிவுகளையும் தேடிப் பிடித்து ஒட்டி, பலகாரம் சாப்பிட்டுக் கொண்டாடியவளே நான்தான். வழக்கு நடப்பதோ, அந்தக் காகிதத்தை ஒருவர் தேடுகிறார் என்பதோ எனக்கு அப்போது தெரியாது.

ஒரு நாள் முற்பகல் போன் அடித்தது.

"நான் மிராசுதார் பேசுறேம்மா" என்று ஒரு கனத்த குரல் இருமியது. "அஞ்சலைன்னு ஒரு பொம்பள. தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரில எந்தத் தேதிலேருந்து எந்தத் தேதி வரைக்கும் கெடந்துச்சுன்னு ஒரு பேப்பர்ல எடுத்து வைங்க. ஆள் அனுப்புறேன்."

எனக்கு ஒரே குஷி. சார் வகையாக மாட்டிக்கொண்டார் என்று நினைத்தேன்.

"சார், இந்தத் தடவ கொரல் பிரமாதம். மாமியாரா வந்ததவிட இது எவ்வளவோ தேவல" என்றேன்.

"யாரும்மா மாமியாரு?"

"அந்த இருமல மட்டும் கொறச்சுக்கங்க சார். மிராசுதார்னா இருமணும்னு யாரு சொன்னா? மீசையும் ஒட்டிக்கிட்டுத்தான் பேசுறீங்களா?"

அந்தப் பக்கம் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. தான் யார் என்று எனக்குத் தெரியுமா என்று கேட்டார். நன்றாகத் தெரியும், காராச்சேவுக்கு வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்லி நானே போனை வைத்தேன். அறை முழுக்க இந்தக் கதையை நடித்துக் காட்டினேன். டீ வாங்கிக் கொடுத்தேன். சரோஜா நர்சம்மா மிராசுதாரின் இருமலை என்னைவிட நன்றாகச் செய்தார்.

சாயங்காலம் சார் வேறு ஏதோ விஷயமாகப் பேசினார். நடிப்பைப் பாராட்டினேன். "நான் இன்னிக்குப் போனே பண்ணலையேம்மா. காலைலேருந்து கலெக்டர் மீட்டிங்ல இருக்கேன்" என்றார்.

உட்கார்ந்தேன். நடந்ததைச் சொன்னேன். சார் "அப்பறம்?" என்றார். மீசையைச் சொன்னேன். "அப்பறம்?" என்றார். காராச்சேவையும் சொன்னேன். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். சிரித்து முடித்த பிறகு குரல் மாறியது. "அவர் நாளைக்கு நேர்ல வருவாரு. நானும் வரேன். அஞ்சலையோட பக்கத்த நீங்க தெறக்காதீங்க, நானும் தெறக்க மாட்டேன்" என்றார்.

சார் சொன்னபடியே மறுநாள் மிராசுதார் ஆட்களோடு வந்தார். மீசை நிஜமாகவே இருந்தது. இருமலும் நிஜம். நேற்றுப் பேசியது யார் என்று கேட்டார். நான் கையைத் தூக்கவில்லை, ஆனால் அறையில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். சார் அவருக்கு நாற்காலி போட்டு, நோயாளி விஷயம் நாலு காதுக்குப் போகக் கூடாது என்று சொல்லி ஆட்களை வெளியே அனுப்பினார். என்னை இருக்கச் சொன்னார். எனக்கு வெளியே போகத்தான் ஆசை.

மிராசுதார் வழக்கைச் சொன்னார். சார் "அப்பறம்?" என்றார். கட்சியில் தன் இடத்தைச் சொன்னார். "அப்பறம்?" இந்த அம்மாவைத் தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றிக் காட்டுகிறேன் என்றார். "அப்பறம்?" அதற்கு மேல் அவரிடம் எதுவும் இல்லை.

"கோர்ட்டு கேட்டா, சீல் வச்ச கவர்ல கோர்ட்டுக்குக் குடுப்போம். நீங்க கேட்டாக் குடுக்க மாட்டோம்" என்றார் சார். "கோவிச்சுக்காதீங்க, ஒண்ணு கேக்குறேன். போன வருசம் ஒங்க ஊர்ல இலவச ரத்தப் பரிசோதனை முகாமத் தொடங்கி வச்சீங்க. போட்டோவுக்காக மொத ரத்தமும் நீங்கதான் குடுத்தீங்க. என்ன வந்துச்சுன்னு எனக்குத் தெரியாது, நான் பாக்கல. ஆனா அதுவும் இந்தப் பொட்டிக்குள்ளதான் இருக்கு. நாளைக்கு ஒங்க பங்காளி வந்து இதே நாற்காலில உக்காந்து கேட்டா, குடுக்கலாமா?"

மிராசுதாருக்கும் பங்காளிகளுக்கும் பாகப்பிரிவினை வழக்கு நடப்பது ஊரறிந்த கதை. அவர் இருமல் அப்படியே நின்றது. கம்ப்யூட்டரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எதிரியைப் பார்க்கிற பார்வை மாறிப்போயிருந்தது.

"என் பக்கத்த யாரும் பாக்க முடியாதுல்ல?" என்று மெதுவாகக் கேட்டார்.

"அதுக்குத்தாங்க இந்தம்மா நேத்து ஒங்களையே வெரட்டுனாங்க" என்றார் சார்.

மிராசுதார் எழுந்து போகையில் எனக்கு ஒரு கும்பிடு போட்டார். நானும் போட்டேன். சிரிப்பு வந்துவிடாமல் இருக்க நாக்கைக் கடித்திருந்தேன்.

அவர் தரப்பு வக்கீல் கோர்ட்டில் ஆஸ்பத்திரிப் பேச்சையே எடுக்கவில்லையாம். ஒருவர் உடம்பைக் கோர்ட்டுக்கு இழுத்தால் அடுத்தது தன் உடம்பு என்று மிராசுதார் கணக்குப் போட்டிருக்க வேண்டும். வழக்கு தள்ளுபடியானது. நிலம் அஞ்சலையிடமே நின்றது. அவரைப் பற்றி ஒரு போன் வந்ததோ, அதற்கு ஒருத்தி உளறியதோ அவருக்குத் தெரியாது. சொல்லும் உரிமையும் எங்களுக்குக் கிடையாது.

தண்ணியில்லாக் காடு பொய்யாகவில்லை. எனக்குப் பதிலாகச் சாருக்கு வந்தது. மிராசுதார் சொல்லி வந்ததா, தானாக வந்ததா என்று இன்றுவரை தெரியாது. என் வாய்க்கொழுப்புக்கு அவர் மூட்டை கட்டுகிறாரே என்று அழுதேன். "அழாதீங்கம்மா, அங்கயும் போன் இருக்கும்" என்றார். பெல்ட்டில் இன்னொரு துளை ஏறியிருந்தது. அப்படி ஒரு அதிகாரியின் கீழ் வேலை பார்த்தேன் என்பதில் எனக்கு இன்றும் கர்வம் உண்டு.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள், மன்னார்குடி டவுன் பஸ்ஸில் என் பக்கத்தில் ஓர் அம்மாள் வந்து உட்கார்ந்தார். மடியில் விதைநெல் பை. முகம் எனக்குத் தெரியாது. டிக்கெட்டுக்கு ஊர் பெயரைச் சொன்னபோது நிமிர்ந்தேன். பேச்சு வளர்ந்து, தன் பெயரையும் தாய்வீட்டு ஊரையும் சொன்னபோது எனக்கு மூன்று பதிவுகளும் கண்முன் வந்து ஒட்டிக்கொண்டன. தேதிகள், மாத்திரைகள், படுக்கை எண் எல்லாம் வந்தன. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பிறகு, வேறு எதுவும் தோன்றாமல், இந்த வயதிலும் வயலில் இறங்குகிறீர்களே, உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டேன்.

"எனக்கென்ன கேடு?" என்றார் அஞ்சலை, பஸ்ஸில் பாதிப் பேருக்குக் கேட்கும்படி. "பொறந்ததுலேருந்து ஒரு ஊசி போட்டதில்ல. ஆசுபத்திரி வாசப்படி மிதிச்சதில்ல. குறுவையோ சம்பாவோ, நா எறங்காம எங்க வயல்ல ஒரு போகம் நட்டதில்ல தெரியுங்களா?"

"பாத்தாலே தெரியுதுங்க" என்றேன்.

அவருக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. இறங்கும் ஊர் வருவதற்குள் அதையே இன்னொரு முறை சொன்னார். நானும் இன்னொரு முறை நம்பினேன்.